நல்லம்மாளிடம் நலம் விசாரிக்காதீர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸுக்கு யார் புதிதாகக் குடிவந்தாலும் நான் சொன்ன முதல் புத்தி இதுதான். எங்கள் நல்லம்மாளைப் பார்த்தால் சிரியுங்கள், வெற்றிலை கொடுங்கள், வேண்டுமானால் சண்டைகூடப் போடுங்கள். "எப்படி இருக்கே" என்று மட்டும் கேட்டுத் தொலைக்காதீர்கள். கேட்டால் அன்றைக்கு உங்கள் அடுப்பில் இருப்பது தீய்ந்துதான் போகும்.

"ஏதோ இருக்கேன்க்கா" என்று ஆரம்பிப்பாள். ராத்திரி பொட்டுத் தூக்கமில்லை என்பாள். எங்கள் தாழ்வாரத்தில் படுத்து அவள் விட்ட குறட்டையில் எங்கள் வீட்டுக்காரர் எழுந்து உட்கார்ந்திருந்தது எனக்குத்தான் தெரியும். முட்டி கழன்றுவிட்டது, கண் மங்கிவிட்டது, சோறு இறங்கவில்லை, இந்தத் தைப்பூசத்தைப் பார்த்தாச்சு, அடுத்ததைப் பார்ப்பேனோ என்னவோ என்பாள். இத்தனையும் சொல்லுகிறபோது இரண்டு கையிலும் மண்ணெண்ணெய் டின் நிறையத் தண்ணீர் இருக்கும். குழாயடியிலிருந்து எங்கள் வீடு வரைக்கும் மேடு. அவள் சொல்லிக்கொண்டே ஏறுவாள். வெறுங்கையோடு கேட்டுக்கொண்டு வருகிற எனக்குத்தான் மூச்சு வாங்கும்.

நம்ம ஆட்கள் யாரும் "நான் ரொம்ப நல்லா இருக்கேன்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்லமாட்டோம், அது ஊருக்கே தெரியும். கண் பட்டுவிடும். பிள்ளை உருண்டு திரண்டு இருந்தால் "எங்கே, ஒண்ணுமே திங்கிறதில்லை" என்போம். வியாபாரம் நன்றாக நடந்தால் "ஏதோ ஓடுது" என்போம். நானே காலையில் கூடை நிறையப் புட்டுமாயம், அதான் இடியாப்பம், விற்றுவிட்டு வந்து, "இன்னிக்கு மந்தம்தான்" என்று சொல்லுகிறவள்தான். ஆனால் எதற்கும் ஓர் அளவு உண்டு. நல்லம்மாளுக்கு அந்த அளவு கிடையாது.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. அவளுக்கு நடந்தது அப்படி.

வேலாயுதம் என்று ஒரு பிட்டர், செந்தூல் ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை, எங்களுக்கு அடுத்த வீடு. அவன் கல்யாணம் பண்ணிக் கூட்டி வந்தவள்தான் நல்லம்மாள். வந்த புதிதில் மினுமினுவென்று இருப்பாள். அந்த வருசம் தைப்பூசத்துக்குப் பத்துமலை போயிருந்தபோது காஜாங்கிலிருந்து வந்த ஒரு பொம்பளை இவள் தாடையைப் பிடித்து, "என்னடி, இப்படிப் பூரிச்சுக் கிடக்கே" என்று கேட்டாள். இவளும் சின்ன வயசு, சந்தோசம். "எனக்கென்ன, நல்லாத்தான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டாள். நானும் பக்கத்தில்தான் நின்றேன். மழைக்காலம் முடிவதற்குள் இருமல் வந்தது. அப்புறம் எச்சிலில் ரத்தம். ஆஸ்பத்திரியில் சயம் என்று சொல்லிவிட்டார்கள்.

சயம் என்றால் அந்தக் காலத்தில் சும்மாவா? குவார்ட்டர்ஸில் அவள் வீட்டுப் பக்கம் போனால் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். அவள் தொட்ட குழாயைக் கழுவிவிட்டுத் தண்ணீர் பிடித்தார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு, ஒருநாள் குழாயடியில் நின்று எல்லாரையும் ஒரு பிடி பிடித்தேன். அதற்குப் பிறகு மூக்கைப் பொத்துகிறவர்கள் என் தலை மறைந்த பிறகுதான் பொத்தினார்கள்.

அது போதாதென்று ரப்பர் விலை விழுந்தது. ரயில்வேயில் ஆள் குறைத்தார்கள். வேலாயுதத்துக்கும் சீட்டுக் கிழிந்தது, வீடும் போயிற்று. எங்கெங்கோ அலைந்து கடைசியில் போர்னியோவில், சண்டகான் பக்கம், ஒரு தோட்டக் கம்பெனியில் சின்ன ரயில் ஓட்டுகிறார்கள், அதற்குப் பிட்டர் வேண்டும் என்று கேள்விப்பட்டான். அந்தக் கம்பெனிக்காரன் கேட்ட முதல் கேள்வி, குடும்பத்தில் யாருக்காவது நெஞ்சு நோய் உண்டா என்பது. வேலாயுதம் பொய் சொல்லத் தெரியாத மனுசன். உண்டு என்றான். அப்படியானால் நீ மட்டும் வா என்றார்கள்.

போகிற அன்றைக்கு என் வாசலில் வந்து நின்றான். நான்தான், "போய் வேலையைப் பாருய்யா, அவ என் வீட்டுல இருப்பா" என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் பின்பக்கத் தாழ்வாரத்தில், நல்ல காற்று வருகிற இடத்தில், அவளுக்குக் கட்டில் போட்டோம்.

அதற்குப் பிறகு வருசக்கணக்காக அவளைத் தேற்றியது நான்தான். பெருமைக்குச் சொல்லவில்லை, சரி, கொஞ்சம் பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆட்டுப் பாலில் முட்டை அடித்துக் கொடுத்தேன். மீன் எண்ணெயை மூக்கைப் பிடித்து ஊற்றினேன். எழுந்து நடக்காதே என்று கரண்டியைக் காட்டி மிரட்டினேன். திரும்பிப் பார்த்தால் ஒருநாள் இருமல் நின்றிருந்தது. அப்புறம் சதை பிடித்தது. அப்புறம் ரவிக்கையெல்லாம் கையில் தெறித்தது. கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியில் நெஞ்சைப் படம் பிடித்து, பழைய புண் ஆறித் தழும்பாகிவிட்டது, இனிப் பயமில்லை என்றார்கள். படத்தை அவள் கையிலேயே கொடுத்தார்கள். இந்த மகாராணி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "பார்த்தியாக்கா, எலும்பெல்லாம் தெரியுது, எப்படி இளைச்சுப் போயிட்டேன்" என்றாள்.

படத்தைப் பற்றி வேலாயுதத்துக்குச் சொல்லி அனுப்பினோம். அவன் கம்பெனியில் காலில் விழாத குறையாகக் கேட்டிருக்கிறான். கம்பெனியும் இறங்கி வந்தது. கிள்ளானில் தங்களுக்கென்று ஒரு வெள்ளைக்கார டாக்டர் இருக்கிறார், அவர் பார்த்து, வந்த நோய் போய்விட்டது, ஆள் சுகமாக இருக்கிறாள் என்று எழுதிக் கொடுத்தால் கப்பலேறலாம். சுகமில்லை என்று எழுதிவிட்டால் அதோடு கதை முடிந்தது, மறுபடி கேட்கவே கூடாது. வேலாயுதம் திரும்பி வரவும் வழியில்லை, இங்கே அவனுக்கு ஏது வேலை? புருசன் கடலுக்கு அந்தப் பக்கம், பெண்டாட்டி இந்தப் பக்கம், இப்படியே இருந்து நரைத்துப் போகவேண்டியதுதான்.

எனக்குக் கவலையே இல்லை. ஆள் இரும்பு மாதிரி இருக்கிறாள், டாக்டர் என்ன சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். டாக்டர் நெஞ்சை மட்டும் பார்க்கமாட்டார், வாயைத் திறந்து கேள்வியும் கேட்பார் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

ரயிலேறிக் கிள்ளானுக்குப் போனோம். ஆற்றோரம் கடைத்தெருவில், ஒரு சீனன் காப்பிக்கடைக்குப் பக்கத்துக் கட்டடத்தில் டாக்டர். வயசான மனுசர், வெள்ளை மீசை. தமிழ் தெரியாது. அவருக்குத் தமிழைச் சொல்ல ஜெயராஜ் என்று ஒரு டிரெசர், மருந்து கட்டுகிற உதவியாள், இருந்தான், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு. நோயாளி மட்டும்தான் உள்ளே போகலாம் என்று என்னை வெளியே பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டான். பாதிக் கதவுதான், பேசுவது எல்லாம் கேட்டது.

டாக்டர் குழலை வைத்து முன்னாலும் பின்னாலும் நெடுநேரம் கேட்டார். திருப்தியாகத்தான் 'ம்' கொட்டினார். அப்புறம் கேட்க ஆரம்பித்தார். இருமல் உண்டா? "இருமல் இல்லாம இருக்குமா, ஏதோ காலத்தை ஓட்டுறேன்." சாயங்காலம் காய்ச்சல் வருமா? "பொழுது சாஞ்சா உடம்பு காந்தும்." ராத்திரி வேர்க்குமா? குளித்த மாதிரி நனைந்து போவாளாம். எடை குறைந்திருக்கிறதா? "சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சுங்க" என்றாள் பாவி. அன்றைக்குக் காலையில் அந்தச் சட்டைக்குப் பொத்தான் போடுவதற்கு நானும் அவளும் சேர்ந்து மல்லுக்கட்டியிருந்தோம்.

அந்த ஜெயராஜ் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷில் சொல்லிக்கொண்டே வந்தான். டாக்டர் மறுபடியும் குழலை வைத்தார். நெஞ்சு ஒன்று சொல்கிறது, வாய் வேறொன்று சொல்கிறது, இப்போது எதையும் எழுதமுடியாது, அடுத்த மாதம் கூட்டிக்கொண்டு வாருங்கள், அன்றைக்கு எழுதுவதுதான் கடைசி என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

ரயிலில் நான் விட்ட திட்டில் பக்கத்துப் பெட்டிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பெட்டாலிங் தாண்டியபிறகுதான் வாயைத் திறந்தாள். "வாய் வரலக்கா. அன்னிக்கு ஒரே ஒரு தடவைதான் சொன்னேன். அதுக்கே என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல."

பார்த்தவள்தானே நானும். அவளுக்குப் புருசனிடம் போகவேண்டும் என்று உயிர் துடித்தது. அந்த உயிரே போய்விடுமோ என்றுதான் பயமும். சொல்லாவிட்டால் போகமுடியாது, சொன்னால் போய்ச் சேருவதற்குள் நோய் திரும்பிவிடும். அவள் கணக்கு அதுதான்.

சரி, பழக்கினால் வந்துவிடும் என்று வீட்டில் பாடம் நடத்தினேன். நான்தான் டாக்டர். பித்தளை டம்ளரை அவள் முதுகில் வைத்துக்கொண்டு, "இருமல் இருக்கா?" என்று கேட்பேன். "இல்லை" என்பாள். நான் சந்தோசப்படுவதற்குள், "இன்னிக்கு இல்லை, நாளைக்கு எப்படியோ" என்று வாலைச் சேர்த்துவிடுவாள். எங்கள் வீட்டுக்காரர் இதைப் பார்த்துவிட்டு, உனக்குச் சொல்லிக்கொடுக்கத் தெரியவில்லை, எது கேட்டாலும் 'இல்லை' என்று ஒரே சொல்லைச் சொல்லப் பழக்கு என்றார். பழக்கினோம். நன்றாகப் பிடித்துக்கொண்டாள். இருமல் இல்லை, காய்ச்சல் இல்லை, வேர்வை இல்லை. அவருக்கு ஒரே பெருமை. அதே பெருமையில், "சோறு நல்லா இறங்குதா?" என்று கேட்டார். இல்லை என்றாள். "ராத்திரி தூக்கம் வருதா?" இல்லை. "புருசன்கிட்டப் போக ஆசை இருக்கா?" அதற்கும் இல்லை என்றாள். மனுசர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

அப்புறம்தான் எனக்கு ஜெயராஜ் ஞாபகம் வந்தான். விசாரித்தால், அவன் அக்கா வீடு பிரிக்பீல்ட்ஸிலேயே இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை மாதா கோவிலுக்கு இங்கேதான் வருகிறான். பூசை முடிந்து வெளியே வந்தவனை மடக்கி, வாழை இலையில் கட்டிய புட்டுமாயத்தைக் கையில் திணித்தேன். விசயத்தைச் சொன்னேன். அவள் என்ன உளறினாலும் நீங்கள் டாக்டரிடம் 'நல்லா இருக்கேன்னு சொல்றா' என்று மட்டும் சொல்லிவிடுங்கள் தம்பி, உங்களுக்குப் புண்ணியமாகப் போகும் என்றேன்.

அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பதிலுக்கு நானும் நாலு கேட்டிருப்பேன். "அக்கா, நான் ஒரு சொல்லு கூட்டினதும் இல்லை, குறைச்சதும் இல்லை" என்றான். இன்றைக்கு இவளுக்காக மாற்றிச் சொன்னால் நாளைக்கு நிஜமாகவே நெஞ்சுவலி என்று ஒருவன் வருவான், அவனுக்கும் நாக்கு அதே மாதிரி புரண்டுவிடும், அவன் உயிருக்கு யார் பதில் சொல்வது என்று கேட்டான். நியாயம்தான். நியாயமாக இருந்ததால்தான் எனக்கு எரிச்சல் அதிகமாக வந்தது. ஆனாலும் மரியாதைக்கு, போகும்போது, "உங்களுக்கு உடம்பெல்லாம் எப்படித் தம்பி?" என்று கேட்டேன். "ஏதோ ஆண்டவர் கிருபையில ஓடுதுக்கா. இடுப்புதான் நிமிர விடமாட்டேங்குது" என்றான். சொல்லிவிட்டுச் சைக்கிளில் தாவி ஏறிப் போனான்.

மறுமாதமும் வந்தது. நல்லம்மாள் ஒரு கோவில் தேரைச் சோடிக்கிற மாதிரி தன்னைச் சோடித்துக்கொண்டாள். முந்தானையில் உப்பும் மிளகாயும் முடிந்துகொண்டாள். கொண்டையில் வேப்பிலை. உள்ளங்காலில் மைப்பொட்டு. இடுப்பில் ஓர் எலுமிச்சம்பழம். இத்தனை காவல் இருந்தால் சொல்லிப் பார்க்கிறேன் என்றாள். கந்தசாமி கோவிலில் கற்பூரம் ஏற்றிவிட்டு ரயிலேறினோம்.

இந்தத் தடவை ஜெயராஜ் தடுத்தும் நான் பெஞ்சியில் உட்காரவில்லை. அவள் பின்னாலேயே உள்ளே நுழைந்துவிட்டேன். டாக்டர் என்னைப் பார்த்தார், இருக்கட்டும் என்று கையைக் காட்டினார். குழலை வைத்துக்கொண்டு அவளைக் குனியச் சொன்னார். குனிந்தாள். இடுப்பிலிருந்த எலுமிச்சம்பழம் விழுந்து உருண்டு டாக்டர் சப்பாத்தில் போய் முட்டி நின்றது. அவர் அதைக் குனிந்து எடுத்து, ஒன்றும் கேட்காமல் மேசைமேல் வைத்தார்.

நெஞ்சு போன தடவை மாதிரியே சுத்தமாக இருக்கிறது என்றார். அப்புறம் அதே கேள்விகள். நல்லம்மாள் என்னைப் பார்த்தாள், எலுமிச்சம்பழத்தைப் பார்த்தாள். "ஏதோ…" என்று ஆரம்பித்தாள்.

எனக்குத் தாங்கவில்லை. "துரை, இவ சொல்றது அத்தனையும் பொய்" என்று குறுக்கே விழுந்தேன். தண்ணீர் தூக்குவது, குறட்டை விடுவது, மூன்று வேளையும் தட்டை வழித்துத் தின்பது, எல்லாவற்றையும் கொட்டினேன். ஜெயராஜ் என்னையும் ஒரு சொல் விடாமல் இங்கிலீஷ் பண்ணினான். டாக்டர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். ஏதோ கேட்டார். "நீங்க எப்படி இருக்கீங்கன்னு துரை கேக்குறார்" என்றான் ஜெயராஜ்.

"நானா? ஏதோ இருக்கேன் தம்பி" என்றேன். "காலையில எழுந்திரிச்சா இடுப்பு பிடிச்சுக்குது. பித்தம் வேற. ஒரு வாய் சோறு…"

அங்கேதான் என் வாயை நானே பொத்திக்கொண்டேன். ஒரு மாதமாக டம்ளரும் கையுமாகப் பாடம் நடத்தியவள் நான். ஜெயராஜ் விடவில்லை, இடுப்பையும் பித்தத்தையும் அப்படியே அந்தப் பக்கம் சேர்த்தான். டாக்டர் மெதுவாக அவன் பக்கம் திரும்பி அவனையும் அதே கேள்வி கேட்டிருக்கிறார். அவன் கை தானாகத் தன் இடுப்புக்குப் போயிற்று. வாயைத் திறந்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டான். டாக்டர் எங்கள் மூன்று பேரையும் ஒருவர் மாற்றி ஒருவர் பார்த்தார். அவர் மீசை கொஞ்சம் ஆடியது. சிரித்தாரோ என்னவோ, வெள்ளைக்காரன் முகத்தில் எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அப்புறம் முகம் மாறி, நிதானமாகப் பேசினார். ஜெயராஜும் நிதானமாகச் சொன்னான். நோய் ஆறிவிட்டது என்று டாக்டருக்குத் தெரியும். ஆனால் கம்பெனிக்கு எழுதுவதில், நீ சுகமாக இருக்கிறாயா என்று ஆளையே கேட்டு, ஆள் சொன்ன பதிலைத்தான் எழுதவேண்டும். இவள் சொல்லாததை அவர் எழுதமாட்டார். இன்றைக்கும் பழைய பாட்டையே பாடினால் அதைத்தான் எழுதி அனுப்புவார். "உன் வீட்டுக்காரர்கிட்ட நீ இனிமே வரவே முடியாதுன்னு கம்பெனி சொல்லிடும்" என்று முடித்தான்.

பக்கத்துக் கடையில் காப்பிக் கோப்பை கழுவுகிறது கேட்டது. நல்லம்மாள் முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு அவளை இழுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்றிருந்தது. என்ன இப்போது, என்னோடேயே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றுகூட ஒரு நிமிசம் நினைத்தேன்.

அவள் நிமிர்ந்தாள்.

"எழுதிக்குங்க துரை. நான் நல்லா இருக்கேன். இருமல் கிடையாது, சுரம் கிடையாது. அக்கா வீட்டு அரிசி முழுக்க நான்தான் திங்கிறேன். கண்ணு பட்டா படட்டும். செத்தாலும் அவர் பக்கத்துல கிடந்து சாவுறேன். அவர் இல்லாத இடத்துல நல்லா இருந்து நான் என்ன பண்ண?"

நான் கண்ணை மூடிக்கொண்டேன். அத்தனை வருசம் முட்டையும் பாலும் ஊற்றி நான் எழுப்பி நிறுத்திய உடம்பு அது. அது இத்தனை நாள் யாருக்காக எழுந்து நின்றது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. வலித்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

டாக்டர் ஜெயராஜைப் பார்த்தார். ஒரு சொல் குறைக்காத மனுசன், கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான், போட்டுக்கொண்டான். இங்கிலீஷில் ஏதோ சொன்னான், ரொம்பச் சின்னதாக. இவ்வளவு பேச்சுக்கு இதுதானா என்று நானே அவனைப் பார்த்தேன். "நல்லா இருக்காளாம்னு சொல்லிட்டேன்க்கா, அது போதும்" என்றான் என்னிடம். டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். எலுமிச்சம்பழத்தை மட்டும் ஞாபகமாக அவள் கையில் திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வந்து கடை முன்னால் இருக்கிற அஞ்சடி நடைபாதையில் கால் வைத்தாளோ இல்லையோ, கோவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். சொல்லிட்டேனேக்கா, சொல்லிட்டேனே, உடனே சுத்திப் போடுக்கா என்று பிடித்துக்கொண்டாள். வீட்டுக்குப் போய்ச் சுற்றலாம் என்றால் கேட்கவில்லை. சரி என்று, அந்தச் சடக்கோரத்திலேயே, ரோட்டில் போகிறவர்கள் பார்க்க, அவளைக் கிழக்கே பார்க்க நிறுத்தி, உப்பையும் மிளகாயையும் தலையைச் சுற்றி எடுத்து, அந்தச் சீனன் காப்பிக்கடைக் கரியடுப்பில் போட்டுவிட்டேன். அவன் என்ன ஏது என்று கேட்பதற்குள் நெடி கிளம்பியது. கண் பட்டிருந்தால் மிளகாய் நெடி வராது, அதுதானே நம்ம சாத்திரம். இங்கே வந்த நெடியில் சீனன் இருமினான், காப்பி குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் இருமினார்கள், பக்கத்துக் கட்டடத்தில் டாக்டர் அறைச் சன்னலில்கூட யாரோ இருமினார்கள். நான் குனிந்து இருமுகிறேன். அத்தனை பேருக்கு நடுவில் இருமாமல் நின்றவள் நல்லம்மாள் ஒருத்திதான். "கண்ணே படலைடி" என்று இருமிக்கொண்டே சொன்னேன். சீனன் கரண்டியோடு வெளியே வருவதற்குள் இரண்டு பேரும் ஸ்டேசனுக்கு ஓடிவிட்டோம்.

சுவெட்டன்ஹாம் துறைமுகத்தில் அவளைக் கப்பலேற்றினோம். சிங்கப்பூர் போய் அங்கிருந்து வேறு கப்பல். சாமான் தூக்க ஆள் வைக்கவில்லை, டிரங்குப் பெட்டியை அவளே தூக்கிக்கொண்டு, "இந்தக் கடலைத் தாண்டுவேனோ மாட்டேனோ" என்று சொல்லிக்கொண்டே ஏணியில் ஏறினாள்.

அதற்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. வேலாயுதம் சுத்தியல் பிடிக்கிற ஆள், பேனா பிடிக்கிற ஆள் இல்லை. ஒவ்வொரு நாளும் எனக்கு இதே கவலை. வாயைத் திறந்து அப்படிச் சொல்லிவிட்டாளே, ஏதாவது ஆகியிருக்குமோ என்று. மிளகாய் நெடி வந்ததை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்வேன். அப்புறம், காப்பிக்கடை அடுப்பாச்சே, எதைப் போட்டாலும் நெடி வரத்தானே செய்யும் என்று மறுபடி கலங்குவேன்.

அடுத்த வருசம் பங்குனி வாக்கில் கார்த்திகேசு என்று ஒரு யாழ்ப்பாணத்துக் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிறவர், எங்கள் வீட்டைத் தேடிக்கொண்டு வந்தார். அந்தக் கம்பெனியில்தான் வேலை, லீவில் வந்திருக்கிறார், வேலாயுதம் எங்களைப் பார்த்துவிட்டு வரச் சொன்னானாம். உட்காரவைத்து, காப்பியைக் கையில் கொடுத்து, முதல் கேள்வியாக நல்லம்மாள் எப்படி இருக்கிறாள் என்று கேட்டேன்.

அவர் முகம் வாடிவிட்டது. "என்னத்தைச் சொல்ல. அந்த மனுசி பாவம். எந்த நேரம் கேட்டாலும் ஏலாது எண்டுதான் சொல்லுறா" என்றார். முட்டி ஏலாதாம், நித்திரை இல்லையாம், சாப்பாடு இறங்கவில்லையாம், வருகிற தைப்பூசத்துக்கு இருப்பாளோ தெரியாதாம். வாசலில் விறகு பிளந்துகொண்டே இதையெல்லாம் சொன்னாளாம். கேட்கவே தனக்குக் கவலையாக இருந்தது என்றார்.

நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பு வந்தது, கூடவே கண்ணீரும் வந்தது. பாவி, நன்றாக இருக்கிறாள். முன்னைவிட நன்றாகவே இருக்கிறாள். முருகா என்று வாய்விட்டுச் சொன்னேன். அவர் பயந்துபோய்க் காப்பியைக் கீழே வைத்துவிட்டார். நான் சமாளித்துக்கொண்டு, அவளுக்கு ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் கவலைப்படாதீர்கள் என்று சொல்லி, கொடுத்தனுப்ப ஊறுகாய் எடுக்க எழுந்தேன். தாழ்வாரம் வழியாகத்தான் போகவேண்டும். அவள் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது என் புட்டுமாயக் கூடைகளை அடுக்கியிருக்கிறேன். அந்த இடத்தில் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் வந்தேன்.

புறப்படும்போது கார்த்திகேசு மரியாதைக்காக, "நீங்கள் எப்பிடி அக்கா, சுகமாய் இருக்கிறியளோ?" என்று கேட்டார்.

"நான் நல்லா இல்லை தம்பி" என்றேன்.

எல்லாரும் சொல்லுகிற மாதிரிதான் சொல்கிறேன் என்று நினைத்து, தலையை ஆட்டிவிட்டுப் போனார்.